குட்டியிலிருந்து கடைசி நாள் வரை: வீட்டுச் செல்லங்களைப் போனில் படம் எடுத்து வைப்பது எப்படி?

வளர்த்த நாயோ பூனையோ போன பிறகு போனைத் திறந்து தேடுபவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "படம் நிறைய இருக்கு, ஆனா அது எப்பவும் எப்படி இருக்குமோ அப்படி ஒண்ணுகூட இல்ல." பிறந்தநாள் தொப்பி போட்டு உட்காரவைத்த படம் இருக்கும். வாசற்படியில் தாடையை வைத்துத் தெருவைப் பார்த்துக் கிடந்த படம் இருக்காது. மனசு தேடுவது இரண்டாவதைத்தான். அதை எடுத்து வைக்கத்தான் இந்தச் செய்முறை. பெரிய கேமரா வேண்டாம். வடசென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துச் சின்ன வீடுகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

படி 1: லென்ஸும் வெளிச்சமும்

முதலில் போனின் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் காற்றின் ஈரமும் உப்பும் கண்ணாடியில் படிந்துவிடும். படம் மங்கலாக வர பாதி நேரம் அதுதான் காரணம்.

நம் வீடுகள் பலவற்றில் வெளிச்சம் வாசல் வழியாக மட்டும்தான் வரும். அதுவே போதும். நாய் வாசலைப் பார்த்தபடி இருக்கட்டும். நீங்கள் வாசல் பக்கம் சற்று ஓரமாக இருங்கள், உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. மொட்டை மாடி என்றால் காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை ஐந்துக்கு மேல். சித்திரை வெயிலில் நடுப்பகல் தரையில் அதை நிற்கவைக்கவே வேண்டாம், பாதம் வெந்துவிடும்.

ஃபிளாஷ் கூடாது. நாய், பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் உண்டு. ஃபிளாஷ் பட்டால் கண் பச்சையாகப் பளபளக்கும், முகமே மாறிவிடும்.

படி 2: தரையில் உட்காருங்கள்

நின்றபடி எடுத்தால் முதுகும் தலையும்தான் கிடைக்கும். உட்கார்ந்து, முடிந்தால் படுத்து, அதன் கண் மட்டத்துக்குப் போனைக் கொண்டுவாருங்கள். திரையில் அதன் கண்ணைத் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். கறுப்பு நாய் வெளிறிய சுவர் முன்னால் கரியாகத் தெரிந்தால், தொட்ட இடத்தில் வரும் சூரியன் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். வெள்ளைப் பூனை இருட்டு அறையில் சுண்ணாம்பாகத் தெரிந்தால் கீழே இழுங்கள், முடியின் இழை தெரியும்.

துள்ளும் குட்டியை ஒரே கிளிக்கில் பிடிக்க முடியாது. தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கும் பர்ஸ்ட் முறையில் சரசரவென்று எடுத்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அன்றே அழித்துவிடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோட் எனக்குப் பிடிக்காது; மீசையையும் காது முடியையும் தின்றுவிடுகிறது.

படி 3: மாதம் ஒன்று, ஒரே இடத்தில்

இந்த ஒரு படியை மட்டும் செய்தாலும் போதும். வீட்டில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: தண்ணீர் டிரம் பக்கத்தில், கேட் முன்னால், எதுவானாலும் சரி. மாதம் ஒருமுறை அங்கே பக்கவாட்டில் நிற்கவைத்து ஒரு படம். குட்டியாக இருக்கும்போது வாரம் ஒன்று எடுங்கள், ஏனென்றால் அந்தக் காலம் பறந்துவிடும். பூனைக்குட்டியின் நீலக் கண் ஆறேழு வாரத்தில் நிறம் மாறத் தொடங்கும். நாய்க்குட்டியின் பால்பல் நான்கு மாத வாக்கில் விழ ஆரம்பித்து ஏழு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த வரிசைக்கு இன்னொரு பயனும் உண்டு. தினமும் பார்க்கும் நமக்கு நாய் இளைப்பது தெரியாது. நான்கு மாதப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விலா எலும்பு தெரிவதும், வயிற்றில் புதுக் கட்டி வந்திருப்பதும் கண்ணில் படும். டாக்டரிடம் அப்படியே காட்டலாம்.

படி 4: பழக்கத்தை எடுங்கள், மனிதர்களோடு எடுங்கள்

ஆயா அரிவாள்மனையில் சங்கரா ஆய்கிறார். ஒரு முழம் தள்ளி, வாலைக் காலில் சுற்றிக்கொண்டு பூனை உட்கார்ந்திருக்கிறது. மீனைத் தொடாது. கண் மட்டும் ஆயாவின் கையோடு போய்ப் போய் வரும். தலையை வெட்டி எறிந்ததும் ஒரே தாவு. இதில் பூனையை மட்டும் குளோசப்பில் எடுத்தால் பாதிக் கதை போச்சு. செதில் ஒட்டிய ஆயாவின் கையும், அரிவாள்மனையும், ஈரத் தரையும் சேர்ந்து வரட்டும். பத்து வருஷம் கழித்து ஆயாவையும் அந்தப் படத்தில்தான் தேடுவீர்கள்.

வீட்டில் படம் எடுப்பவர் எந்தப் படத்திலும் இருக்கமாட்டார். போனைப் பையன் கையில் கொடுத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள். பத்து விநாடி வீடியோவும் எடுங்கள்: பைக் சத்தம் கேட்டதும் குரைக்கும் குரல், தண்ணீர் குடிக்கும் சத்தம், தூக்கத்தில் விடும் குறட்டை. முகம் நினைவில் நிற்கும், குரல்தான் சீக்கிரம் நழுவும்.

தெரு நாயும் இதில் சேர்த்திதான். காதில் வெட்டு அடையாளத்தோடு, கருத்தடை முடிந்து, தெருவே சோறு போட்டு வளர்க்கும் மணிக்கு யார் வீட்டு ஆல்பத்திலும் இடம் இருக்காது. யாராவது ஒருவர் எடுத்து வைக்க வேண்டும், அது நீங்களாக இருங்கள்.

வடசென்னை மாடிகளில் புறா வளர்ப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புறாவையும் கையில் பிடித்தபடி, சிறகை விரித்து ஒன்று, காலில் உள்ள வளைய எண் தெரிய ஒன்று, கண்ணை மட்டும் ஒன்று எடுங்கள். பந்தயத்துக்கு விட்ட புறா திரும்பாமல் போனால் புதைக்கக்கூட ஒன்றும் கிடைப்பதில்லை. பொழுது சாயும்வரை வானத்தைப் பார்த்து நின்றவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். அவர்களுக்கு மிஞ்சுவது இந்தப் படங்கள்தான்.

படி 5: வயதான பிறகு

மூக்கைச் சுற்றி நரைக்கும், கண்மணியில் நீலச் சாயல் படரும். அசிங்கமாக இருக்கிறதென்று பலர் இந்தக் கட்டத்தில் படம் எடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். காது மந்தமானால் விசிலுக்குத் திரும்பாது. பிடித்த பிஸ்கட்டை லென்ஸ் அருகில் பிடியுங்கள். எழுப்பி நிற்கவைக்க வேண்டாம், படுத்த இடத்துக்கு நீங்கள் போங்கள்.

படி 6: கடைசி நாட்கள்

வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ, பக்கத்துக் கிளினிக்குக்கோ அலையும் நாட்கள் இவை. மூச்சுக்குத் திணறும் முகத்தை எடுக்க வேண்டாம், பிறகு அதுவே கண்முன் நிற்கும். உங்கள் உள்ளங்கையில் அதன் பாதம், கழுத்துப் பட்டை, காது மடிப்பு, படுத்துப் படுத்துக் குழி விழுந்த பாய், இவற்றை எடுங்கள். இரண்டு நிமிடம் போதும். அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டு அதைத் தடவிக்கொடுங்கள். இறந்த பிறகு ஒரு படம் எடுக்கத் தோன்றினால் எடுங்கள், தவறில்லை. ஸ்டேட்டஸில் மட்டும் போடாதீர்கள்.

படி 7: போன பிறகு

"நாய்தானே, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்பார்கள். பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டில் ஒரு உயிர் குறைந்தால் அழுகை வரத்தான் செய்யும். பிள்ளைகளிடம் "ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லாதீர்கள், கதவைப் பார்த்துக் காத்திருப்பார்கள். செத்துவிட்டது என்றே மெதுவாகச் சொல்லி, கூட உட்கார்ந்து அழுங்கள்.

படங்களை அந்த வேகத்தில் அழிக்காதீர்கள். பார்க்கத் தாங்கவில்லை என்றால் கூகுள் போட்டோஸின் நினைவுகள் பகுதியில் அந்த முகத்தையும் தேதிகளையும் மறைத்துவைக்கலாம். படம் அப்படியே இருக்கும். பழைய படங்களில் "அப்பவே இளைச்சிருக்கே, கவனிக்கலையே" என்று நோண்ட ஆரம்பித்தால் மூடிவைத்துவிடுங்கள். நடந்தது தெரிந்த பிறகு பார்க்கும் கண் வேறு, அன்றைக்குப் பார்த்த கண் வேறு. தூக்கமும் சாப்பாடும் நாள் கணக்கில் கெட்டால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசு சேவை, காசில்லை, தமிழில் பேசலாம்.

கை நடுங்காமல் பார்க்க முடிகிற நாளில் வீட்டோடு உட்கார்ந்து நல்ல படங்களைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸப்பில் வந்த படம் சுருங்கியிருக்கும். மூலப் படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். 4க்கு 6 அங்குல பிரிண்டுக்கு 1200க்கு 1800 பிக்ஸல் இருந்தால் தெளிவாக வரும். ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி, இடம், கூட இருப்பவர் பெயர் எழுதுங்கள். 2015-லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை மறந்துவிடாதீர்கள்: ஆல்பம் பரணில், ஒரு நகல் கிளவுடில், இன்னொன்று வேறு ஏரியாவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுப் பென் டிரைவில்.

புதுக் குட்டி வந்தால் அதற்குப் புது ஃபோல்டர், புது இடம். கேட் முன்னால் வேண்டாம், மாடிப்படியில் ஆரம்பியுங்கள்.