தோற்றுத் தோற்று ஓர் அணியைக் கட்ட முடியுமா? பேஸ்பால் டிராஃப்டில் நாம் போடும் தப்புக் கணக்குகள்

2024 இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 162 ஆட்டங்களில் 121 இல் தோற்றது. 1900க்குப் பிறகு, பேஸ்பாலின் உச்ச மட்டமான அமெரிக்க மேஜர் லீகில் எந்த அணியும் ஒரே சீசனில் இத்தனை தோல்வி கண்டதில்லை. 'போகட்டும், அடுத்த டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு) முதல் ஆளை நாம் எடுக்கலாம்' என்று மனதைத் தேற்றிக்கொண்ட ரசிகர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 2025 டிராஃப்டில் அந்த அணிக்குக் கிடைத்தது பத்தாவது இடம்.

மறுகட்டுமானம், அதாவது அணியைக் கலைத்து இளம் வீரர்களை வைத்துப் புதிதாகக் கட்டுவது, என்ற பேச்சு வந்தாலே ரசிகர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்: தோல்வியைச் சேமிப்பாக நினைப்பது. ஒரு காலத்தில் கடைசியில் முடிந்த அணிக்கு முதல் தேர்வு உறுதி. 2022 இல் உரிமையாளர்களும் வீரர் சங்கமும் போட்ட ஒப்பந்தம் அதை மாற்றி, முதல் ஆறு இடங்களைக் குலுக்கலுக்கு விட்டுவிட்டது. மிக மோசமான மூன்று அணிகளுக்கும் ஒரே வாய்ப்புதான், தலா 16.5 சதவீதம். முதல் குலுக்கலிலேயே 102 ஆட்டம் தோற்ற ஓக்லாந்து அத்லெடிக்ஸ் ஆறாவது இடத்துக்குச் சரிந்தது. அதற்கு அடுத்த குலுக்கலில் வெறும் 2 சதவீத வாய்ப்பு வைத்திருந்த கிளீவ்லேண்ட் கார்டியன்ஸ் முதலிடத்தைத் தட்டிச் சென்றது. போதாததற்கு இன்னொரு விதி: பணக்கார அணிகளிடமிருந்து மற்ற அணிகளுக்குப் போகும் வருமானப் பங்கீட்டில் பணம் வாங்காத அணி அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அந்த ஆறு இடங்களுக்குள் வர முடியாது. ஒயிட் சாக்ஸ் மாட்டியது இதில்தான். 2024 டிராஃப்டில் ஐந்தாம் இடத்தை ஏற்கெனவே வாங்கியிருந்தார்கள்.

சரி, குலுக்கலில் அதிர்ஷ்டம் அடித்து முதல் இடமும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்?

பிட்ஸ்பர்க் பைரேட்ஸைப் பாருங்கள். 2023 இல் முதல் ஆளாக பால் ஸ்கீன்ஸை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதமே மேஜர் லீகில் பந்து வீசினார், மேஜர் லீகின் இரண்டு பாதிகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த புதுமுகமானார். 2025 இல் அந்த லீகின் சிறந்த பிட்சருக்கு (பந்துவீச்சாளருக்கு) தரும் சை யங் விருது, ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி) 1.97. ஒரு தேர்வு இதைவிட நன்றாகப் பலித்துவிட முடியாது. ஆனால் அந்த 2025 இல் அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு 10-10. அணி 91 ஆட்டங்களில் தோற்றது. ஸ்கீன்ஸ் ஐந்து, ஆறு நாளுக்கு ஒருமுறைதான் வீசுவார். மற்ற நாட்களில் யார் வீசுவது, அவர் வீசும் நாளிலும் யார் ரன் எடுப்பது? கூடைப்பந்தில் ஒரு லெப்ரான் ஜேம்ஸ் வந்தால் அணியின் தலையெழுத்தே மாறும். பேஸ்பாலில் 26 பேர் சேர்ந்துதான் மாற்ற வேண்டும். என்.பி.ஏ. பார்த்துப் பழகிய கண்ணோடு இந்த டிராஃப்டைப் பார்ப்பதால் வரும் ஏமாற்றங்கள் ஏராளம்.

'ஆஸ்ட்ரோஸ் அப்படித்தானே ஜெயித்தது?' என்ற கேள்வி உடனே வரும். இந்தக் கதையைத்தான் எல்லோரும் பாதியாகச் சொல்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011 முதல் 2013 வரை முறையே 106, 107, 111 ஆட்டங்கள் தோற்றது. 2012, 2013, 2014 என மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து முதல் தேர்வு அவர்களுக்கே. 2017 இல் மேஜர் லீகின் கோப்பைக்கான உலகத் தொடரை வென்றார்கள். நடுவில் இருப்பதை எடுத்துவிட்டால் 'தோற்றார்கள், எடுத்தார்கள், ஜெயித்தார்கள்' என்று வாய்ப்பாடு மாதிரி இருக்கும். நடுவில் இருப்பது இது: அந்த மூன்று முதல் தேர்வுகளில் பலித்தது ஒன்றுதான், 2012 இன் கார்லோஸ் கொரேயா. 2013 இல் எடுத்த மார்க் அப்பெல் ஹூஸ்டனுக்காக ஒரு பந்துகூட மேஜர் லீகில் வீசவில்லை. 2018 இல் ஆட்டத்தையே விட்டு விலகி, பிறகு திரும்பி வந்து, 2022 இல் தம் முப்பதாவது வயதில் பிலடெல்ஃபியாவுக்காகத்தான் அறிமுகமானார். அப்பெலுக்கு அடுத்து இரண்டாவதாக சிகாகோ கப்ஸ் எடுத்தவர், பின்னாளில் நட்சத்திரமான கிரிஸ் பிரையன்ட். 2014 இல் எடுத்த பிரேடி ஐக்கனின் முழங்கைத் தசைநாரில் மருத்துவப் பரிசோதனையின்போது சந்தேகம் எழ, அணி தன் தொகையைக் குறைத்தது, அவர் ஒப்பந்தமே போடவில்லை. அதற்கு ஈடாக 2015 இல் கிடைத்த இரண்டாம் இடத்தில்தான் அலெக்ஸ் பிரெக்மன் வந்தார். திட்டம் என்று சொல்வதைவிட, விழுந்த இடத்தில் புதையல் கிடைத்தது என்று சொல்லலாம்.

கோப்பையை வென்ற அணியின் மற்ற தூண்கள்? ஹொசே அல்டுவே 2007 இல் வெனிசுவேலாவில் 15,000 டாலருக்கு ஒப்பந்தமானவர். குள்ளம் என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்ட பையன். டாலஸ் கைக்கல் 2009 இன் ஏழாம் சுற்று. ஜார்ஜ் ஸ்பிரிங்கர் 2011 இல் பதினோராவது இடம். மூவருமே அந்தப் புகழ்பெற்ற மூன்று முதல் தேர்வுகளுக்கு முன்பே அணிக்குள் வந்தவர்கள். அதே காலத்தில் கையிலிருந்த ஜே.டி. மார்டினெஸை 2014 மார்ச்சில் வேண்டாம் என்று விடுவித்தார்கள். டெட்ராய்ட் போன கையோடு அவர் லீகின் பெரிய அடிகாரர்களில் ஒருவரானார். 2017 இல் எதிரணி கேட்சர் காட்டும் சைகைகளைத் திருடியது அம்பலமாகி, 2020, 2021 இரண்டு ஆண்டுகளின் முதல் இரண்டு சுற்றுத் தேர்வுகளையும் பறிகொடுத்ததை வேறு சேர்த்துக்கொள்ளுங்கள். இதை முன்மாதிரி என்று வைத்துக்கொண்டு இன்னொரு அணி தோற்கத் தொடங்குவது எனக்குப் புரியவே புரியாத விஷயம்.

பையனை எடைபோடும்போது

ஐ.பி.எல். ஏலத்தில் வாங்கிய ஆள் அடுத்த சீசனிலேயே களத்தில் நிற்பார். பேஸ்பால் டிராஃப்டில் எடுக்கும் பதினெட்டு வயதுப் பையன் மேஜர் லீகுக்குக் கீழுள்ள மைனர் லீகின் படிகள் ஒவ்வொன்றாக ஏறி வர நான்கைந்து ஆண்டுகள் ஆகலாம், வராமலும் போகலாம். ஆகவே 'நமக்கு மூன்றாம் பேஸில் ஆள் இல்லை, மூன்றாம் பேஸ்மேனை எடு' என்பது அர்த்தமில்லாத ஆலோசனை. அவன் வந்து சேரும்போது அந்த ஓட்டையை யாராவது அடைத்திருப்பார்கள், வேறு இடத்தில் புது ஓட்டை விழுந்திருக்கும். இருப்பதில் சிறந்தவனை எடுப்பதே வழி. அதிலும் ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்டு போன்ற கடினமான ஃபீல்டிங் இடங்களில் ஆடத் தெரிந்தவனுக்கு ஒரு படி கூடுதல் மதிப்பு உண்டு: அவனைப் பிறகு வேறு இடத்துக்கு நகர்த்தலாம், முதல் பேஸில் நிற்பவனை எங்கும் நகர்த்த முடியாது.

ஸ்கவுட்டுகள் (இளம் வீரர்களைத் தேடி எடைபோடுபவர்கள்) தரும் எண்களைப் பள்ளி மதிப்பெண்ணாகப் படிப்பதும் பரவலான தவறு. அளவுகோல் 20இல் தொடங்கி 80இல் முடிகிறது. 50 என்றால் மேஜர் லீகின் சராசரி; அதுவே பெரிய விஷயம். தவிர, ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு எண்கள் உண்டு, இன்றைய நிலைக்கு ஒன்று, எதிர்காலத்தில் எட்டக்கூடியதற்கு ஒன்று. 30/60 என்று எழுதியிருந்தால் அந்த 60 ஒரு கணிப்பு மட்டுமே. ரசிகர்களோ அதை மட்டும் பிடித்துக்கொண்டு அடுத்த ஐந்து ஆண்டுக்கான அணிப் பட்டியலையே போட்டுவிடுகிறார்கள்.

கல்லூரி ஆட்டக்காரர்களின் ஹோம் ரன் எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். அங்கே உலோக மட்டை, தொழில்முறை ஆட்டத்தில் மர மட்டை. கோடையில் கேப் காட் லீகில் மர மட்டையோடு எப்படி ஆடினான் என்று அணிகள் தேடிப் பார்ப்பது இதனால்தான். வயதும் முக்கியம். மைனர் லீகின் டபுள்-ஏ மட்டத்தில் .280 (நூறு முயற்சியில் 28 ஹிட்) அடிக்கும் இருபது வயதுக்காரனும், அதே .280 அடிக்கும் இருபத்துநாலு வயதுக்காரனும் ஒன்றல்ல.

பிட்சர்கள் விஷயத்தில் யாருமே ஞானி இல்லை. 1991 இல் யாங்கீஸ் முதல் ஆளாக எடுத்த பிரையன் டெய்லர் ஒரு கைகலப்பில் தோளைக் கெடுத்துக்கொண்டு மேஜர் லீகுக்கு வரவே இல்லை. 2018 இல் டெட்ராய்ட் டைகர்ஸ் முதல் தேர்வாக எடுத்தது கேசி மைஸை. அதே டிராஃப்டின் ஒன்பதாம் சுற்றில், ஏற்கெனவே முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாரிக் ஸ்குபலை எடுத்தது. மைஸ் மோசமில்லை, 2025 இல் ஆல்-ஸ்டார் ஆனார். ஆனால் 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் அமெரிக்கன் லீகின் சை யங் விருது வாங்கியவர் ஸ்குபல். ஒரு டிராஃப்டை அன்று இரவே 'ஏ பிளஸ்', 'சி மைனஸ்' என்று மதிப்பிடும் கட்டுரைகளை நான் ரசித்துப் படிப்பேன். நம்புவதில்லை.

பணக் கணக்கு

'நம்பர் ஒன் இடத்தில் நம்பர் ஒன் ஆளை எடுக்காமல் விட்டார்களே' என்ற கோபம் சில சமயம் நியாயம், சில சமயம் அறியாமை. முதல் பத்துச் சுற்றுகளின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தொகை குறிக்கப்பட்டிருக்கிறது. எல்லாம் கூட்டினால் அணியின் மொத்தப் பை. அதை 5 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு பறிபோகும். ஆனால் பைக்குள் எங்கே மிச்சம் பிடித்து எங்கே செலவழிப்பது என்பது அணியின் விருப்பம். 2012 இல் கொரேயாவின் இடத்துக்கு 72 லட்சம் டாலர் குறித்திருந்தது. அவர் 48 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டார். மிச்சமான பணத்தைக் கொண்டுதான் 41 ஆவது இடத்தில் லான்ஸ் மெக்கல்லர்ஸை 25 லட்சம் கொடுத்து ஆஸ்ட்ரோஸ் வளைத்தது. இருவரும் 2017 கோப்பை அணியில் இருந்தார்கள்.

மலிவாக எடுப்பது வேறு, மலிவுக்காக எடுப்பது வேறு. 2004 இல் சான் டியாகோ பாட்ரேஸ் முதல் ஆளாக உள்ளூர்ப் பள்ளிப் பையன் மேட் புஷ்ஷை ஷார்ட்ஸ்டாப்பாக எடுத்ததற்கு, அவன் கேட்ட தொகை சிறியது என்பது ஒரு பெரிய காரணம். அடுத்த இடத்தில் டைகர்ஸ் எடுத்தது, பின்னாளில் பெரும் பிட்சரான ஜஸ்டின் வெர்லாண்டரை.

எடுத்த பிறகு

என் பார்வையில் பெரிய தவறுகள் எல்லாம் டிராஃப்ட் முடிந்த பிறகே நடக்கின்றன. மறுபடியும் ஒயிட் சாக்ஸ். 2016 டிசம்பரில் தங்கள் நட்சத்திர பிட்சர் கிரிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்து, இளம் வீரர்களான யோவான் மொன்காடாவையும் மைக்கேல் கோபெக்கையும் வாங்கினார்கள். அடுத்த கோடையில் ஹொசே கின்டானாவை கப்ஸுக்குக் கொடுத்து எலோய் ஹிமெனெஸ், டிலன் சீஸ். எல்லோரும் கைதட்டிய மறுகட்டுமானம் அது. 2021 இல் 93 வெற்றிகளோடு பிரிவில் முதலிடமும் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு 81-81. அதற்கடுத்து 101 தோல்வி, பிறகு அந்த 121. நட்சத்திரங்கள் மாறி மாறிக் காயத்தில் படுக்க, அவர்களுக்குப் பின்னால் இரண்டாம் வரிசை என்று ஒன்று இருக்கவே இல்லை.

2019 இல் மூன்றாவது இடத்தில் எடுத்த ஆண்ட்ரூ வானை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பேஸ்மேன். 2020 இல் பெருந்தொற்றால் மைனர் லீகே நடக்கவில்லை. டபுள்-ஏக்குக் கீழுள்ள ஹை-ஏ மட்டத்துக்கு மேல் ஓர் ஆட்டம்கூட ஆடாதவரை 2021 இல் நேரே மேஜர் லீகுக்கு இழுத்து, பழக்கமில்லாத லெஃப்ட் ஃபீல்டில் நிறுத்தினார்கள். சில ஆண்டுகள் சுமாராக ஓடி, 2025 இல் மைனர் லீகுக்கே திரும்ப அனுப்பப்பட்டு, மில்வாக்கிக்குக் கைமாறினார். அங்கே போய்ச் சில வாரங்களிலேயே அடிக்கத் தொடங்கிவிட்டார். ஆள் அதே ஆள்தான்.

அவசரம் ஒரு பக்கம் என்றால் இழுத்தடிப்பு மறுபக்கம். மேஜர் லீகில் ஆறு முழு ஆண்டு சேவை முடிந்தால் வீரன் சுதந்திரமாக வேறு அணி தேடலாம் என்பதால், முதல் ஆண்டில் சில நாள் தாமதித்து அழைத்தால் ஓர் ஆண்டு கூடுதலாகக் கையில் இருப்பான். 2015 இல் கப்ஸ் பிரையன்டை இப்படித்தான் முழு ஆண்டுக்கு ஒரு நாள் குறையும்படி அழைத்தது. இன்று அந்தத் தந்திரம் முன்போல் எடுபடாது. முன்னணிப் பட்டியல்களில் இருந்த புதுமுகம் சிறந்த புதுமுகத் தேர்வில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் முழு ஆண்டும் அவன் கணக்கில் சேர்ந்துவிடும். மே மாதம் வந்த ஸ்கீன்ஸுக்கு அப்படித்தான் சேர்ந்தது.

கொடுக்கவே மாட்டேன் என்பது

கடைசியாக ஒன்று. வளர்த்த பையன்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டே இருப்பதும் தவறுதான். பால்டிமோர் ஓரியோல்ஸ் 2019 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் முதல் தேர்வாக பேட்ஸ்மேனையே எடுத்தது. அட்லி ரட்ச்மன், ஜாக்சன் ஹாலிடே, இரண்டாம் சுற்றில் வந்த கன்னர் ஹென்டர்சன் என்று அபாரமான அறுவடை. 2023 இல் 101 வெற்றி. ஆனால் பிட்சர்கள் வெளியிலிருந்துதான் வர வேண்டும். 2024க்கு கார்பின் பர்ன்ஸை வாங்கினார்கள், ஓர் ஆண்டில் அவர் அரிசோனா போய்விட்டார், 2025 இல் அணி 75-87.

அதற்காக எவனையும் எப்போதும் கொடுத்துவிடலாம் என்றில்லை. 2016 ஜூனில் ஒயிட் சாக்ஸ், வயதேறிக்கொண்டிருந்த பிட்சர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸுக்காக, தொழில்முறையில் ஓர் ஆட்டம்கூட ஆடியிராத பதினேழு வயதுப் பையனைக் கொடுத்தது. பையன் பெயர் ஃபெர்னாண்டோ டாடிஸ் ஜூனியர், பின்னாளில் பெரிய நட்சத்திரம். அந்த ஆண்டு ஒயிட் சாக்ஸ் 78 வெற்றிகளோடு முடிந்தது. 2017 இல், வீரர் மாற்றத்துக்கு அப்போதிருந்த ஆகஸ்ட் 31 நள்ளிரவுக் கெடுவுக்குச் சற்று முன் ஆஸ்ட்ரோஸ், மூன்று இளம் வீரர்களைக் கொடுத்து வெர்லாண்டரை வாங்கியபோது, ஏற்கெனவே தன் பிரிவில் வெகுதூரம் முன்னால் இருந்தது. அந்த மூவரில் பெரிதாகப் பேசப்பட்ட ஃபிராங்க்ளின் பெரெஸ் மேஜர் லீகை எட்டவே இல்லை. வெர்லாண்டர் அந்த அக்டோபரில் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். ஷீல்ட்ஸை வாங்கிய அணிக்கும் வெர்லாண்டரை வாங்கிய அணிக்கும் வித்தியாசம், வாங்கிய நாளில் அவை புள்ளிப் பட்டியலில் எங்கே நின்றன என்பதில்தான் முதலில் தெரியும். உங்கள் அணி ஜூலைக் கடைசியில் யாரையாவது வாங்கப் போகிறது என்று செய்தி வந்தால், கொடுக்கப்படும் பையனின் தரவரிசையைத் தேடுவதற்கு முன் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.