நிதி கேட்க ஏப்ரல்தான் நல்ல நேரம்

அரசுப் பள்ளியில் பொம்மலாட்டத்துக்கோ சுவரோவியத்துக்கோ நிதி வேண்டுமென்றால், பக்கத்தில் உள்ள பெரிய மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ ஏப்ரலிலேயே ஒரு பக்கக் கடிதம் கொடுத்துவிடுங்கள். பொருள்வாரியாகச் செலவை எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகலையும் வையுங்கள்.

2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, அவர்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் அதே சட்டம் சொல்கிறது. ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கு அவர்கள் திட்டம் போடும்போதே நம் கடிதம் மேசையில் இருக்க வேண்டும். கோவை, திருப்பூர்ப் பள்ளிகளுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு!

சின்னப் பட்டறைகளுக்கும் விசைத்தறிக் கூடங்களுக்கும் இது பொருந்தாது. நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், இதில் ஒன்றையாவது எட்டிய கம்பெனிக்குத்தான். சின்னவர்களிடம் கட்டிங் வேஸ்ட் துணியாகக் கேளுங்கள், பொம்மைக்கு அதுவே போதும்.