சிறிய வெள்ளத்தடுப்பு அணை: அபாய வகுப்பைப் படிப்பதில் நேரும் தவறுகள்

ஓர் அணை 'அதிக அபாயம்' என்ற வகுப்பில் இருக்கிறது என்று கேட்டவுடன், அது விரிசல் விட்டு இடியும் நிலையில் இருப்பதாக நினைத்துக்கொள்வது மிகப் பரவலான தவறு. அந்த வகுப்பு கரையின் உறுதியைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. கரை உடைந்தால் கீழே இருப்பவர்களுக்கு என்ன நேரும் என்பதையே சொல்கிறது. அமெரிக்க நடைமுறையில், உடைப்பினால் ஓர் உயிராவது போகக்கூடும் என்றால் அதிகம். உயிரிழப்பு எதிர்பார்க்கப்படாவிட்டாலும் பொருளாதார இழப்போ முக்கிய வசதிகள் முடங்குவதோ நேருமானால் கணிசம். சேதம் பெரும்பாலும் உரிமையாளரின் நிலத்தோடு நின்றுவிடுமானால் குறைவு. ஆகவே நேற்றுக் கட்டிய குறையற்ற அணை முதல் வகுப்பிலும், இற்றுப்போன கரை கடைசி வகுப்பிலும் இருக்கலாம். கரையின் நிலையைத் தனியாகத்தான் மதிப்பிட வேண்டும்.

உயரத்தைப் பார்த்து அபாயத்தை எடைபோடுவது அடுத்த தவறு. ஜார்ஜியா மாநிலத்தின் கெல்லி பார்ன்ஸ் அணை சுமார் 12 மீட்டர் உயரமே கொண்ட மண் அணை. 1977 நவம்பர் 6 அதிகாலையில் அது உடைந்தபோது, கீழே கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 39 பேர் இறந்தனர். தண்ணீர் வந்து சேர எவ்வளவு நேரமாகும், அந்த நேரத்தில் மக்கள் விழித்திருப்பார்களா என்ற கேள்விகளுக்கு முன்னால் உயரம் சின்ன விஷயம்.

ஒருமுறை தந்த வகுப்பை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. அமெரிக்காவில் 1940-களிலிருந்து அரசு உதவியோடு சிற்றோடைகளின் குறுக்கே 11,000-க்கும் மேற்பட்ட சிறு அணைகள் எழுந்தன. அவற்றில் பல, கீழே வயல்கள் மட்டுமே இருந்ததால் 'குறைவு' என்று வடிவமைக்கப்பட்டவை. வெள்ளம் கட்டுப்பட்டதை நம்பியே பிறகு அங்கு வீடுகள் வந்தன. கரையில் ஒரு கல்கூட நகராமலே வகுப்பு மாறிவிட்டது. அத்துடன் பிரச்சினை முடிவதில்லை. வகுப்பு உயர்ந்தால் அணை தாங்க வேண்டிய பெருவெள்ளத்தின் அளவும் உயரும். அணை கொள்ளாத நீரை வெளியேற்றப் பழைய கணக்கில் வெட்டிய மிகைநீர்ப்போக்கி அதற்குப் போதாமல் போகலாம். வீடுகளை மட்டும் எண்ணிவிட்டு, ஓடையைக் கடக்கும் சாலையையும் முகாம் இடத்தையும் விட்டுவிடும் கணக்குகளும் இதே ரகம்தான்.

ஆனால் என் பார்வையில் மிக ஆபத்தானது, வெள்ளத்தின்போது மட்டும் நீரைத் தேக்கி, மற்ற நாள்களில் வறண்டு கிடக்கும் அணையை ஆபத்தில்லாதது என்று எண்ணுவதே. எப்போதும் நீர் நிற்கும் ஏரிக்கரையில் கசிவு தோன்றினால் எவர் கண்ணிலாவது படும். வெள்ளத்தடுப்பு அணைக்கு அந்த வாய்ப்பு இல்லை; பல ஆண்டுகளுக்குப் பின் அது முழுதாக நிரம்பும் முதல் இரவே அதற்கான சோதனையாகவும் அமைந்துவிடுகிறது. அதற்குள் களிமண் காய்ந்து வெடித்திருக்கும், விலங்குகள் வளை தோண்டியிருக்கும், கரையின் அடியில் போகும் இரும்பு வெளியேற்றுக் குழாய் துருப்பிடித்திருக்கும். கரையில் மரம் வளர்ந்தால் அழகாகத்தான் இருக்கும். அது பட்டுப்போனபின் மட்கும் வேர், தண்ணீருக்கு வழி திறந்துவிடும். புல்லை ஒட்ட வெட்டாமல் இவற்றில் பாதியைக்கூடக் காண முடியாது.

நீர் தேங்கியிருக்கும்போது கீழ்ச்சரிவின் அடிவாரத்தையும் வெளியேற்றுக் குழாயின் வாயையும் பார்க்க வேண்டும். கசியும் நீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்துச் சிறிது நேரம் வைத்தால், தெளிவாகவே இருக்கிறதா, அடியில் வண்டல் படிகிறதா என்பது தெரியும். தெளிந்த கசிவைக் குறித்துவைத்து அளவு கூடுகிறதா என்று கண்காணிக்கலாம். வண்டல் படிந்தால் கரையின் உள்மண் அரிக்கப்படுகிறது என்று கொண்டு, பொறியாளரை அப்போதே அழைக்க வேண்டும், கீழே இருப்பவர்களை எச்சரிக்கவும் ஆயத்தமாக வேண்டும். குழாயின் மேல்வாயில் உள்ள குப்பைத் தடுப்புக் கம்பிகளில் சிக்கிய கிளைகளை மழைக்கு முன்பே அகற்றிவிட வேண்டும். நீர் ஏறியபின் அங்கே இறங்குவது உயிரைப் பணயம் வைப்பது.