ஒரு பர்னர் மட்டும் மந்தமா? ஊசியை எடுங்கள்

கேஸ் அடுப்பில் ஒரு பர்னர் மட்டும் மந்தமாக எரிந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன், அடுப்பு ஆறியதும் ரெகுலேட்டரை அணைத்துவிட்டு, பர்னர் மூடியைக் கழற்றி ஒவ்வொரு துளையையும் ஊசியால் குத்திவிடுங்கள். பித்தளை மூடி என்றால் புளி கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்க்கலாம்; அலுமினிய மூடிக்குச் சோப்புத் தண்ணீர் போதும். ஈரம் துளிகூட இல்லாமல் காயவைத்து மாட்டுங்கள். அவசரப்பட்டால் தீ துப்பித் துப்பி எரியும்.

பொங்கி வழிந்த பாலும் கஞ்சியும் துளைகளில் காய்ந்து அடைத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். அடைப்பு இருந்தால் கேஸோடு சேர வேண்டிய காற்றும் குறையும். அதனால்தான் தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறது. கேஸும் வீண், தேய்க்கும் கையும் வலி.

எல்லா பர்னரும் ஒரேசமயத்தில் மந்தமானால் இது பலிக்காது. சிலிண்டர் தீரும் நிலையில் இருக்கலாம், ட்யூப் எங்காவது மடங்கியிருக்கலாம், ரெகுலேட்டர் கோளாறாகவும் இருக்கலாம். பர்னருக்கு அடியில் கேஸ் வெளிவரும் சிறு துளையான ஜெட்டில் மட்டும் ஊசியை விடாதீர்கள். அந்த நுண்துளை பெரிதாகிவிட்டால் கேஸ் அளவுக்கு மீறி வரும். அது மெக்கானிக் வேலை. கேஸ் வாடை வந்தால் அடுப்பைத் தொடவே வேண்டாம்: ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, சுவிட்ச் எதையும் தட்டாமல் வெளியே வந்து கேஸ் கசிவு அவசர எண்ணான 1906-க்கு அழையுங்கள்.