காலி முதல் மாத்தறை வரை: சாதாரண பஸ்ஸில் இலங்கையின் தென்கரை

இலங்கையின் தென்கரையைப் பார்க்க வாடகைக் கார் வேண்டியதில்லை. காலியிலிருந்து மாத்தறை வரை ஏறக்குறைய 45 கிலோமீட்டருக்கு ஏ2 சாலை கடலை ஒட்டியே போகிறது. பகல் நேரத்தில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. பிடித்த இடத்தில் இறங்கலாம், பார்த்து முடித்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். முதல் முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள்

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அதிவேக நெடுஞ்சாலை பஸ்ஸில் காலிக்கு விரைவாக வந்துவிடலாம். 2011இல் திறக்கப்பட்ட அந்தச் சாலை உள்நாட்டு வழியாகப் போவதால் கடல் கண்ணில் படாது. காலிக்குப் பிறகு உங்களுக்குத் தேவை சாதாரண பஸ்.

காலி பஸ் நிலையம் கோட்டைக்கு எதிரே, கிரிக்கெட் மைதானத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் அருகில் இருக்கிறது. சிவப்பு பஸ்கள் இலங்கைப் போக்குவரத்துச் சபையுடையவை, மற்றவை தனியாருடையவை. தனியார் பஸ்ஸில் வேகமும் பாட்டுச் சத்தமும் அதிகம். ஊரைப் பார்க்க வந்தவருக்கு நிதானமான சிவப்பு பஸ்தான் நல்லது என்பேன். ஊர்ப் பலகையில் சிங்களத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘மாத்தறை’ என்று தமிழிலும் எழுதியிருப்பது நமக்கொரு வசதி.

2. வலப்பக்கம் உட்காருங்கள்

மாத்தறை போகும்போது கடல் வலப்பக்கம் வரும். முன்வரிசையில் மதகுருமாருக்கென்று ஒதுக்கிய இருக்கை இருக்கும், அதை விட்டுவிடுங்கள். பெரிய பெட்டியோடு ஏறாதீர்கள். கூட்டத்தில் அது உங்களுக்கும் தொல்லை, மற்றவர்களுக்கும் தொல்லை.

3. டிக்கெட்டைத் துண்டு துண்டாக வாங்குங்கள்

பஸ் கிளம்பிய பிறகு நடத்துநர் உங்களிடம் வருவார். மாத்தறை வரை ஒரே டிக்கெட் எடுக்காமல், அடுத்து இறங்கப்போகும் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லுங்கள். தூரத்தைப் பொறுத்துத்தான் கட்டணம் என்பதால் இடையிடையே இறங்குவதால் பெரிய நட்டமில்லை. 20, 50, 100 ரூபாய்த் தாள்களைக் கையில் வைத்திருங்கள். மீதிச் சில்லறையை அவர் பிறகு தருவதாகச் சொன்னால், இறங்குவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

4. இறங்குவதும் ஏறுவதும்

கைப்பேசி வரைபடத்தில் ஊர் நெருங்குவது தெரிந்ததும் எழுந்து கதவுப் பக்கம் போய்விடுங்கள். பஸ் நின்ற பிறகு எழலாம் என்று இருந்தால் அடுத்த நிறுத்தத்தில்தான் இறங்குவீர்கள். மணியை அடியுங்கள், அல்லது ‘பஹினவா’ என்று குரல் கொடுங்கள். இறங்குகிறேன் என்பது அவர்களுக்குப் புரிந்துவிடும்.

மறுபடி ஏற, நிறுத்தத்தில் நின்று கையை நீட்டினால் போதும். எந்தப் பக்கம் நிற்பது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். இங்கே வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. ஆகவே மாத்தறை நோக்கிப் போக, சாலையில் கடல் இல்லாத பக்கம் நில்லுங்கள். காலிக்குத் திரும்பக் கடல் உள்ள பக்கம்.

5. எங்கே இறங்கலாம்

ஒரு நாளைக்கு மூன்று நிறுத்தங்கள் போதும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் பஸ்ஸில் ஏறி இறங்கவே நேரம் சரியாக இருக்கும். உனவடுனவில் குளிக்கலாம், ஆனால் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை அமைதியான காலம். மிரிஸ்ஸவிலிருந்து திமிங்கிலம் பார்க்கப் படகுகள் கிளம்புவதும் அப்போதுதான்.

கொக்கலவுக்கும் அஹங்கமவுக்கும் இடையில் கழிமீன்பிடிப்பைக் காணலாம். ஆழமில்லாத கடலில் ஒற்றைக் கம்பம் ஊன்றி, குறுக்கே சிறு கட்டை கட்டியிருப்பார்கள். அதில் உட்கார்ந்து ஒரு கையால் கம்பத்தைப் பற்றிக்கொண்டு மறுகையால் தூண்டிலை வீசுவார்கள். இன்று படத்துக்காக உட்காருகிறவர்களே பலர், அதற்குக் காசும் கேட்பார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அதுவும் ஒரு பிழைப்பு. கேமராவை எடுக்கும் முன்பே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது மாத்தறைக்கு அப்பால் இருக்கும் தெவிநுவர. தங்காலை போகும் பஸ்ஸில் ஏறினால் சில கிலோமீட்டர்தான். நிறுத்தத்திலிருந்து கடற்பக்கம் நடந்தால் தீவின் தென்முனையில் 49 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409இல் பொறிக்கச் செய்த கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் இருக்கிறது. அதன் தமிழ்ப் பகுதி போற்றும் தேனாவரை நாயனார் இந்த ஊர்த் தெய்வம். இங்கிருந்த அவருடைய பழைய கோயிலை 1588இல் போர்த்துகீசியர் இடித்துவிட்டார்கள். கல்வெட்டு காலியில் 1911இல் கிடைத்தது, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொழும்பில் அரை நாள் இருந்தால் முதலில் அதைப் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள்.

6. திரும்பும் வழி

இருட்டிய பிறகு பஸ்கள் குறையும். மாலையிலேயே மாத்தறை நிலையத்துக்கு வந்துவிடுங்கள். கடலோரச் சாலையில் கொழும்பு போகும் 2ஆம் எண் பஸ் காலி வழியாகத்தான் போகிறது. பஸ் அலுத்துப்போனால் காலிக்கு ரயிலும் உண்டு.