9 வோல்ட் பேட்டரில இருந்து 5 வோல்ட் எடுக்கலாம் வாங்க (78எல்05 ரெகுலேட்டர்)

5 வோல்ட் வேணும்னு யார்ட்ட கேட்டாலும் 7805 போடுன்னு சொல்லிடுவாங்க (உள்ள வர்ற ஜாஸ்தி வோல்டேஜ நிலையான 5 வோல்ட்டா எறக்கி தர்ற ரெகுலேட்டர் ஐசி அது). தப்பில்ல, ஆனா அது 1 ஆம்பியர் வரைக்கும் தர்ற ஐசி, நம்ம சின்ன சர்க்யூட்டுக்கு தேவை பத்து இருபது மில்லிஆம்ப் தான், அதுக்கு அதோட தம்பி 78எல்05 போதும், 100 மில்லிஆம்ப் வரை தரும், பாக்க சாதாரண டிரான்சிஸ்டர் மாதிரியே இருக்கும்.

வேண்டியது: 78எல்05, 9 வோல்ட் பேட்டரி, 0.33 மற்றும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், ஒரு சிவப்பு எல்ஈடி, 330 ஓம் ரெசிஸ்டர், பிரெட்போர்டு, மல்டிமீட்டர்.

ஸ்டெப் 1. மொதல்ல ஐசியோட கால பாருங்க, நிறைய பேர் மாட்டிக்கிற எடம் இதுதான். தட்டையான பக்கம் உங்கள பாத்து, கால் கீழ இருக்கற மாதிரி புடிச்சா எடதுல இருந்து அவுட்புட், கிரவுண்டு, இன்புட். பெரிய 7805ல இதுக்கு நேர் தலைகீழ், எடதுல இன்புட் வரும். அத பாத்து பழகின கை இதையும் அப்டியே மாட்டிடும், அதனால டேட்டாஷீட்ட (ஐசி கம்பெனி தர்ற விவரத்தாள்) ஒரு தடவ தொறந்து பாத்துடுங்க.

ஸ்டெப் 2. இன்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 0.33, அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 0.1. ரெண்டும் ஐசி கால ஒட்டியே இருக்கணும், பிரெட்போர்டோட அந்த கோடில போட்டா போட்டதுக்கு அர்த்தமே இல்ல.

ஸ்டெப் 3. பேட்டரிய குடுத்து அவுட்புட்ட அளந்து பாருங்க. 4.8ல இருந்து 5.2க்குள்ள வந்தா ஓகே. வேற ஏதாவது காட்டுச்சுனா உடனே பேட்டரிய கழட்டிட்டு கால திரும்ப செக் பண்ணுங்க. சரியா இருந்தா எல்ஈடியையும் ரெசிஸ்டரையும் சீரிஸா மாட்டுங்க, சுமார் 9 மில்லிஆம்ப் போகும்.

ஸ்டெப் 4. இதத்தான் யாரும் செய்ய மாட்டாங்க. எல்ஈடிய கழட்டிட்டு, மீட்டர மில்லிஆம்ப் ரேஞ்சுல வச்சு பேட்டரி பிளஸ்ஸுக்கும் இன்புட்டுக்கும் நடுவுல சீரிஸா போடுங்க. வெளிய ஒண்ணுமே மாட்டலன்னாலும் சுமார் 3 மில்லிஆம்ப் ஓடிட்டிருக்கும், அது ஐசி தனக்குன்னு எடுத்துக்கறது. 500 மில்லிஆம்ப்-அவர் பேட்டரின்னு வச்சுக்கிட்டா ஒரு வாரத்துல சும்மாவே காலி! மணிக்கு ஒரு தடவ முழிச்சு ரீடிங் எடுத்துட்டு தூங்கற சென்சாருக்கு இது கட்டுப்படியாகாது, சென்சார விட ரெகுலேட்டர் தான் அதிகம் சாப்பிடும்.

இன்னொரு நஷ்டமும் இருக்கு. 78எல்05க்கு உள்ள வர்ற வோல்டேஜ் அவுட்புட்ட விட கிட்டத்தட்ட 1.7 வோல்ட் ஜாஸ்தியா இருக்கணும், இததான் டிராப்அவுட்னு சொல்றாங்க. அதாவது பேட்டரி 6.7க்கு கீழ போனதும் அவுட்புட்டும் கூடவே எறங்க ஆரம்பிச்சிடும், பேட்டரில மிச்சம் இருக்கறது வீண்.

அந்த தூங்கற சென்சார் மாதிரி வேலைக்கு எச்டி7350ங்கற ரெகுலேட்டர பாருங்க. இதுவும் 5 வோல்ட் தான், ஆனா தனக்குன்னு எடுக்கறது வெறும் 4 மைக்ரோஆம்ப் அளவு தான், கம்மி லோடுல டிராப்அவுட்டும் 0.1 வோல்ட் பக்கம், பேட்டரி நல்லா எறங்கற வரை ஓட்டலாம். அதே எடத்துல அப்டியே சொருகிடாதீங்க, இதுல எடதுல இருந்து கிரவுண்டு, இன்புட், அவுட்புட், கெபாசிட்டரும் ரெண்டு பக்கமும் 10 மைக்ரோஃபாரட்.

அடாப்டர்னா கத வேற. எச்டி7350 12 வோல்ட் வரை தான் தாங்கும், சில பழைய 12 வோல்ட் அடாப்டர் லோடு இல்லாதப்ப 15, 16 கூட காட்டும், அங்க 78எல்05 தான் சேஃப். ஆனா 12ல இருந்து 5க்கு எறக்கும்போது மிச்ச 7 வோல்ட்டும் சூடா தான் போகும், 100 மில்லிஆம்ப் எடுத்தா 0.7 வாட், அந்த குட்டி பாடி தாங்காது. 30 மில்லிஆம்புக்குள்ள வச்சுக்கோங்க, அதுக்கு மேல போனா ஹீட்சிங்க் மாட்டற பெரிய 7805க்கே போயிடுங்க.