ஃபட்ஜை அல்வா மாதிரி கிண்டாதீர்கள்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் முறுக்கு வாசனையோடு இப்போதெல்லாம் சாக்லேட் வாசனையும் கலந்து வருகிறது. ஓவன் வேண்டாம், பாகு பதம் பார்க்க வேண்டாம், ஒரு டின் பாலும் நல்ல சாக்லேட்டும் போதும் என்பதால் புதிதாகச் சமையலறைக்குள் நுழைபவர்கள்கூட ஃபட்ஜ் என்ற மெத்தென்ற சாக்லேட் இனிப்பைச் செய்யத் துணிந்துவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் நான் பழகிய காலத்தில் செய்த அதே கோளாறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

தட்டில் பேக்கிங் தாள் விரிக்க மறப்பது, வெண்ணெயை அளக்காமல் போடுவது போன்றவற்றை இங்கே பேசப் போவதில்லை. ஒரு தடவை செய்தால் தானாகப் புரிந்துவிடும். நான் மனத்தில் வைத்திருக்கும் அளவு இது: இனிப்பான கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், அதாவது 390 கிராம் அளவில், டார்க் சாக்லேட் 400 கிராம், வெண்ணெய் 30 கிராம், வெனிலா ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. மில்க் சாக்லேட்டில் செய்வதானால் 500 கிராம் வரை போக வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஊர் வெக்கைக்குத் துண்டு நிற்காது.

டின்னைப் படிக்காமல் வாங்குவது

நம் ஊர்க் கடைகளில் டின் பால் அடுக்கில் மூன்று வகை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று கண்டென்ஸ்டு மில்க். இன்னொன்று இனிப்பில்லாத எவாப்பரேட்டட் மில்க், கோப்பிக்கடையில் கோப்பி சி கேட்டால் ஊற்றுவது. மூன்றாவது இனிப்பான கிரீமர். இது பால் கொழுப்புக்குப் பதிலாகப் பாமாயில் சேர்த்துச் செய்வது. டின்னின் அளவும் படமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், விலையும் குறைவு.

எவாப்பரேட்டட் மில்க்கை ஊற்றினால் ஃபட்ஜ் வராது, சாக்லேட் குழம்புதான் வரும். அதில் தண்ணீர் அதிகம், சர்க்கரை சேர்ப்பதில்லை. கிரீமர் இன்னும் தந்திரமானது. ஓரளவு இறுகிவிடும், அதனால் தப்பு நடந்ததே தெரியாது. வாயில் போட்டால்தான் பால் ருசி இல்லாமல் வெறும் இனிப்பு மட்டும் நிற்கும். தே தாரிக்கில், அதாவது இழுத்து ஆற்றும் பால் தேநீரில், அது எடுபடலாம், ஃபட்ஜில் எடுபடாது. டின்னின் முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தில் உள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள். பாலும் சர்க்கரையும் முதலில் இருக்க வேண்டும். பாமாயில் என்று இருந்தால் அடுக்கிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.

கம்பவுண்ட் சாக்லேட்

சாக்லேட்டின் சொந்தக் கொழுப்பான கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு போட்டது. மலிவு, வெயிலிலும் சீக்கிரம் இளகாது. நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும். பிள்ளைகளின் பிறந்தநாள் பைக்குள் போட்டுக் கொடுக்க என்றால் நான் குறை சொல்ல மாட்டேன். விருந்தாளிக்கு வைக்காதீர்கள்.

எண்ணெய் பிரியும்வரை கிண்டுவது

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது. சாதாரணமாகச் சமைக்கத் தெரியாதவர்கள் இந்தத் தவறைச் செய்வதில்லை, நன்றாக இனிப்பு கிண்டத் தெரிந்தவர்கள்தான் செய்கிறார்கள்.

போன தீபாவளி சமயத்தில் பக்கத்துப் புளோக்கிலிருந்து ஒரு தங்கை வந்தாள். காரைக்குடிப் பெண். அவள் கிண்டும் கோதுமை அல்வாவைச் சாப்பிட்டால் வேறு அல்வாவைத் தொட மனம் வராது. சாக்லேட்டுக்கு மட்டும் இருபது வெள்ளிக்கு மேல் செலவழித்து, எழுபது சதவீதக் கொக்கோ உள்ள நல்ல பாளங்களாக வாங்கி வந்திருந்தாள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சட்டியில் போட்டு அடுப்பை ஏற்றினாள். உருகிப் பளபளவென்று ஆனதும் "அணைச்சிடும்மா" என்றேன்.

"இன்னும் சட்டியில ஒட்டுதே அக்கா. ரெண்டு நிமிஷம் கிண்டினா சுருண்டு வந்துடும்."

போதாததற்கு கைப்பேசியில் ஊரிலிருந்து அவள் அம்மா வேறு. "நெய் கக்கட்டும்டி, அவசரப்படாதே" என்று அங்கிருந்தே உத்தரவு. நான் அம்மாவோடு எப்படி வாதாடுவது?

நெய் கக்கியது. கக்கியது நெய்யில்லை, கொக்கோ வெண்ணெய். சட்டியின் ஓரமெல்லாம் மஞ்சளாக எண்ணெய் ஊற, நடுவில் ஈரமணல் மாதிரி கறுப்பாக ஒரு கட்டி நின்றது. "பதம் வந்துடுச்சு பாருங்க" என்று அவள் சந்தோஷமாகச் சொன்னபோது எனக்கு அந்த இருபது வெள்ளி கண்முன் நின்றது.

அல்வா எப்படி இறுகுகிறது? மாவு வெந்து, தண்ணீர் வற்றி, இனி உறிஞ்ச முடியாத நெய்யை வெளியே தள்ளும்போது பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். கண்டென்ஸ்டு மில்க் ஃபட்ஜில் வேக வேண்டிய மாவே இல்லை. வற்ற வேண்டிய தண்ணீரும் இல்லை, ஏனென்றால் அந்தப் பாலை ஏற்கெனவே ஆலையில் வற்றக் காய்ச்சித்தான் டின்னில் அடைத்திருக்கிறார்கள். டின்னில் இருப்பதில் ஏறக்குறைய கால் பங்குதான் தண்ணீர். சாக்லேட்டிலும் வெண்ணெயிலும் இருக்கிற கொழுப்பு முழுவதும் அந்தக் கொஞ்சத் தண்ணீரில், பால் புரதத்தின் உதவியோடு பொடிப்பொடித் துளிகளாகக் கலந்து நிற்கிறது. அடுப்பில் வைத்துக் கிண்டக் கிண்ட அந்தத் தண்ணீரும் ஆவியாகிறது, சூடும் ஏறுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் கொழுப்பைத் தாங்க இடமில்லாமல் கலவை முறிந்து எண்ணெய் வெளியே வருகிறது. அல்வாவில் வெற்றிக்கு அடையாளமாக இருப்பது ஃபட்ஜில் தோல்விக்கு அடையாளம்.

அப்படியானால் ஃபட்ஜ் எதனால் இறுகுகிறது? ஆறுவதால். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும், அதற்குக் கீழே ஆற ஆறக் கெட்டியாகும். அடுப்பில் இருக்கும்போது சட்டியில் ஒட்டிக்கொண்டு, கரண்டியிலிருந்து தடிமனாக வழிந்தால் அதுதான் சரியான பதம். ஓரத்தை விட்டு வர வேண்டிய அவசியமே இல்லை.

நான் செய்வது இப்படி. அடி கனமான பாத்திரத்தில் பாலையும் வெண்ணெயையும் மட்டும் சின்ன அடுப்பில், ஆகக் குறைந்த தீயில் வைப்பேன். கொதிக்கக் கூடாது. ஓரத்தில் லேசாக ஆவி தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிடுவேன். அதற்குப் பிறகுதான் பொடியாக நறுக்கிய சாக்லேட். கொட்டி, மூடி, இரண்டு மூன்று நிமிடம் தொடாமல் விட்டுவிட்டு, நடுவிலிருந்து மெதுவாகக் கலக்குவேன். கட்டி இருந்தாலும் பாத்திரத்தின் சூடே பார்த்துக்கொள்ளும். பிடிவாதமாக ஒன்றிரண்டு கட்டி நின்றால், வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் ஒரு நிமிடம் வைத்து எடுக்கலாம். மேலே வைக்கும் பாத்திரத்தின் அடி வெந்நீரைத் தொடக் கூடாது. மைக்ரோவேவ் என்றால் பாதிச் சக்தியில், அரை நிமிடத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்துக் கலக்க வேண்டும். மூன்று நிமிடம் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனீர்களென்றால், திரும்பி வரும்போது கருகல் வாசனைதான் வரவேற்கும்.

எண்ணெய் பிரிந்தே விட்டதா? அந்த எண்ணெயை மட்டும் வடித்துக் கொட்டிவிடாதீர்கள். துண்டுக்கு மென்மை கொடுப்பதே அதுதான். வடித்துவிட்டால் மிச்சம் வறண்டு உதிரும். பாத்திரத்தை இறக்கிக் கொஞ்சம் ஆற விட்டு, வெதுவெதுப்பான பாலை ஒரு மேசைக்கரண்டி ஊற்றி நடுவிலிருந்து வேகமாகக் கலக்குங்கள். அப்புறம் இன்னொரு கரண்டி. தொலைந்த தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். பெரும்பாலும் இரண்டு மூன்று கரண்டியிலேயே மறுபடி சேர்ந்து பளபளப்பாகும். அந்தத் தங்கையின் ஃபட்ஜையும் இப்படித்தான் தேற்றினோம். கொஞ்சம் மெத்தென்று இருந்தது, ஆனாலும் தட்டு காலியானது. அடி கருகியிருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. கருகல் ருசி எதிலும் மறையாது.

இதில் வேடிக்கை, எல்லோரும் ஒரு சொட்டுத் தண்ணீருக்குப் பயந்து சாகிறார்கள். வெறும் சாக்லேட்டைத் தனியாக உருக்கும்போது அந்தப் பயம் நியாயமானது. ஒரு சொட்டு ஈரம் பட்டால் அதிலுள்ள சர்க்கரையும் கொக்கோத் தூளும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். பாலோடு கலந்த பிறகு அந்தப் பயம் வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது தீயைப் பார்த்து.

இரண்டு செய்முறையை ஒன்றாக்குவது

"இறக்கி வைத்து மினுமினுப்புப் போகும்வரை அடிக்க வேண்டுமாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. அது பழைய முறை ஃபட்ஜுக்கு. அமெரிக்காவில் வாசார் கல்லூரி மாணவி எமெலின் ஹார்ட்ரிட்ஜ், 1886இல் பால்டிமோரில் ஒரு பவுண்டு நாற்பது காசுக்கு விற்ற ஃபட்ஜைப் பற்றிக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1888இல் கல்லூரியில் தாமே 30 பவுண்டு செய்ததாகவும் சொல்கிறார். சர்க்கரையும் பாலும் சாக்லேட்டும் வெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சும் முறை அந்தக் காலத்திலிருந்து வருவது. அதில் 112 முதல் 116 டிகிரிவரை பாகு வர வேண்டும், பிறகு தொடாமல் 45 டிகிரி அளவுக்கு ஆற விட வேண்டும், அதன்பின் அடிக்க வேண்டும். சூட்டிலேயே கிளறினால் சர்க்கரை பெரிய பெரிய பரலாகிக் கரகரக்கும். காற்றில் ஈரம் அதிகமுள்ள நம் ஊரில் மழைநாளில் அது இன்னும் படுத்தும். பாகு ஒரு டிகிரி கூடவே வர வேண்டியிருக்கும்.

கண்டென்ஸ்டு மில்க் முறையில் அடிக்கிற வேலையே இல்லை. அடித்தால் காற்றுப் புகும், வழவழப்புப் போகும்.

மார்ஷ்மெல்லோ

சில அமெரிக்கச் செய்முறைகளில் மார்ஷ்மெல்லோ கிரீம் வரும். அதில் முட்டை வெள்ளை உண்டு. அது கிடைக்கவில்லையே என்று சாதாரண மார்ஷ்மெல்லோவை வாங்கி உருக்கிப் போடுகிறார்கள். அதில் ஜெலட்டின், பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலிருந்து எடுத்தது. தீபாவளிக்கு வீட்டுக்கு வருபவர்களில் சைவம் சாப்பிடும் மாமியும் இருப்பார், மலாய்க்கார அண்டை வீட்டாரும் இருப்பார்கள். கேட்காமலே சாப்பிட்டுவிடுவார்கள், உங்களை நம்பி. பாலும் சாக்லேட்டும் மட்டும் போதுமே.

வறுக்காத முந்திரி

வறுத்துப் போடுங்கள். ஆறிய பிறகு.

உப்பு

போடாமல் விட்டுவிடாதீர்கள்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே திறப்பது

இங்கே பலருக்கும் கடைசிக் கட்டத்தில்தான் சறுக்கும். ஃபட்ஜ் மூன்று நான்கு மணி நேரம் குளிர்பெட்டியில் இறுக வேண்டும். சரி. வெளியே எடுத்ததும் மூடியைத் திறந்து மேசையில் வைத்துவிடுவார்கள். பத்து நிமிடத்தில் மேலெல்லாம் வேர்க்கும். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த துண்டின்மேல் நீராகப் படிகிறது, அது சர்க்கரையைக் கரைக்கிறது, பிறகு காய்ந்ததும் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவோ வெளுத்தோ போகிறது. பார்ப்பவர்கள் பூஞ்சை என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள்.

குளிர்ச்சியாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள், வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால். உடனே காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கி, மூடிய நிலையிலேயே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறங்கள். ஈரம் டப்பாவின் வெளிப்பக்கத்தில்தான் படியும்.

உறவினர் வீட்டுக்கு எம்ஆர்டியில் எடுத்துப் போவதென்றால் கவலையில்லை, ரயிலுக்குள் குளிராகத்தான் இருக்கும். நிலையத்திலிருந்து வீடுவரை வெயிலில் நடப்பதுதான் பிரச்சினை. குளிர்காக்கும் பையில் ஒரு ஐஸ் பொதியோடு வையுங்கள். ஐஸ் பொதி நேராக டப்பாவைத் தொடாமல் நடுவில் ஒரு துணி போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாள் இருக்கும்

குளிர்பெட்டியில் மூடி வைத்தால் இரண்டு வாரம், உறைபெட்டியில் இரண்டு மாதம். வெங்காயம், கருவாடு வைத்திருக்கும் தட்டில் வைக்காதீர்கள், வாசனையை அப்படியே இழுத்துக்கொள்ளும்.